சுவருக்கு வண்ணம் அடிப்பது கடைசி வேலை

ஆசிரியருக்கு,

வணக்கம். சுவரோவியத் திறப்பு, வீதி நாடக நிறைவு விழா, குடியிருப்புச் சிறுவர்கள் எடுத்த புகைப்படங்களின் கண்காட்சி என்று சமூகக் கலை பற்றிய செய்திகள் அவ்வப்போது நாளிதழ்களில் வருகின்றன. கூடவே வரும் படமும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஈரம் காயாத சுவர், தூரிகையோடு சிறுவர்கள், நடுவில் விருந்தினர். அந்தப் படம் எடுக்கப்படுவதற்கு முன்னும் பின்னும் நடக்க வேண்டிய வேலைகளைப் பற்றி, அந்த வேலையைச் செய்கிறவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம். இத்தகைய திட்டங்களுக்கு நிதி தருகிறவர்களும், அனுமதி தருகிறவர்களும், பங்கெடுக்க அழைக்கப்படும் மக்களும் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஓவியமோ நாடகமோ உருவாவதற்கு முந்தைய காலத்துக்கும் பிந்தைய காலத்துக்கும் தனியாக நாள் ஒதுக்குங்கள், தனியாகப் பணம் ஒதுக்குங்கள். ஒரு நடுத்தர அளவுச் சுவரோவியத்துக்குப் பதினாறு வாரம் என்று வைத்துக்கொண்டால், முதல் ஆறு வாரம் மக்களிடம் கேட்பதற்கு, அடுத்த மூன்று வாரம் வரைவுக்கு, சுவரில் வேலை மூன்று அல்லது நான்கு வாரம், மிச்சம் அதற்குப் பிறகு வரும் பேச்சுக்கும் ஒப்படைப்புக்கும் என்று பிரிப்பதே சரியாக வரும். வழக்கத்தில் நடப்பது வேறு. மொத்தமே ஆறு வாரம் தரப்படுகிறது. அதில் வெட்டுப்படுவது எப்போதும் முதல் பகுதிதான். ஏனென்றால் அந்த ஆறு வாரத்தில் படம் எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது.

அந்த முதல் வாரங்களில் என்ன வேலை என்று கேட்பார்கள். ஒரு பகுதிக்குள் எங்களை அழைத்துப் போகிறவர் பெரும்பாலும் அங்குள்ள ஏதோ ஓர் அணியைச் சேர்ந்தவராக இருப்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனால் அவருக்கு வேண்டாதவர்களின் கதவு மூடிக்கொள்ளும். எனவே ஒருவரை ஒருவர் சாராத மூன்று பேர் வழியாகவாவது நுழைய வேண்டும். பொதுக்கூடத்தில் ஒரே ஒரு கூட்டம் போட்டால், பேசிப் பழகிய பத்துப் பேர் வருவார்கள். இரவு வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், படியேற முடியாதவர்கள் வரமாட்டார்கள். ஒரே கூட்டத்தைக் காலை, மாலை, விடுமுறை நாள் என்று மூன்று நேரங்களில், மூன்று இடங்களில் நடத்த வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அவருக்கும் சம்பளம் வேண்டும். ஒரு குழுவில் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் பார்வையாளர்களாகிவிடுவார்கள். ஒருங்கிணைப்பாளர்கள் இருவர் இருக்க வேண்டும். ஒருவர் நடத்துவார். மற்றவர் குறிப்பெடுப்பார், யார் இன்னும் வாய் திறக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார். இந்த இரண்டாவது ஆளைத்தான் வரவு செலவுத் திட்டத்தில் முதலில் அடித்துவிடுகிறார்கள்.

வாய்ப்பேச்சு ஓடாத இடத்தில் வரைபடம் ஓடும். பெரிய தாளைத் தரையில் விரித்து, தெருக்களை அவர்களையே வரையச் சொல்லி, பயமாக இருக்கும் இடம், உட்கார்ந்து ஓய்வெடுக்கும் இடம், போகவே போகாத இடம் என்று மூன்று நிறத்தில் புள்ளி வைக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் அந்த ஊர் பேசத் தொடங்கிவிடும். ஆண்களும் பெண்களும் தனித்தனித் தாளில் வரைந்தால் இரண்டு வேறு ஊர்கள் கிடைக்கும். அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைப்பதுதான் பல நேரங்களில் திட்டத்தின் உண்மையான தொடக்கம்.

வரைவை மக்களிடம் மூன்று முறை கொண்டுபோக வேண்டும்: கருப்பொருள் முடிவானதும், கோட்டோவிய நிலையில், வண்ண மாதிரி நிலையில். ஒவ்வொரு முறையும் அவர்கள் சொன்னால் மாறக்கூடியதாக ஏதாவது இருக்க வேண்டும். முடிந்துபோன இரண்டு ஓவியங்களைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கை தூக்கச் சொல்வதை ‘பங்கேற்பு’ என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். அதில் கருத்துக் கேட்பது நான்காவது படிதான். அதையும் அவர் பெயரளவுப் பங்கேற்பு என்ற பகுதியில்தான் வைத்தார். ஆறாவது படியில்தான் கூட்டுப் பொறுப்பு தொடங்குகிறது. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைத் திட்டம் தொடங்கும் நாளிலேயே மக்களிடம் சொல்லிவிடுவது மரியாதை. சுவரின் நிறம் மட்டும்தான் உங்கள் கையில், கருப்பொருள் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்றால், அப்படியே சொல்லிவிடலாம். சொல்லாமல் அழைப்பதுதான் ஏமாற்று.

இனி சுவர். கலைஞர்கள் சுவரின் முகத்தைப் பார்க்கிறார்கள், உள்ளே இருக்கும் ஈரத்தைப் பார்ப்பதில்லை. அரை மீட்டர் சதுரமுள்ள கண்ணாடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒரு பகல் ஓர் இரவு ஒட்டி வையுங்கள். சுவரை ஒட்டிய உட்பக்கத்தில் நீர் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கத்தில் மட்டும் இருந்தால் அது காற்றின் ஈரம். ஓதம் உள்ள சுவரை அக்ரிலிக் பூச்சால் மூடினால் உள்ளே இருக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் கொப்புளமாக எழும்பும், சில மாதங்களில் ஓவியம் தோல் உரிவதுபோல் உரியும். முதலில் கசிகிற குழாயையோ கூரையையோ சரிசெய்ய வேண்டும். அதற்கான பணம் ‘கலை’ என்ற தலைப்பில் வராது என்று சொல்லப்பட்டால், அந்தச் சுவரை விட்டுவிடுவதே நல்லது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, மீண்டும் பூக்கிறதா என்று சில வாரம் காத்திருக்க வேண்டும். புதிய சிமென்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் ஆற வேண்டும். அதற்கு முன் அடித்தால் சிமென்டின் காரம் வண்ணத்தைத் தின்றுவிடும். பழைய வண்ணத்தின் மேல் வரைவதாக இருந்தால் பிளேடால் பெருக்கல் குறி போலக் கீறி, டேப் ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். வண்ணம் டேப்போடு வந்தால் மொத்தத்தையும் சுரண்டியாக வேண்டும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு ஓவியம் வேண்டாம், ஒரே நிறப் பட்டையாக விட்டுவிடுங்கள். மழைத் தெறிப்பும் மண்ணிலிருந்து ஏறும் ஓதமும் அந்த ஓர் அடியைத்தான் முதலில் கெடுக்கும். ஒரு நிறமாக இருந்தால் யார் வேண்டுமானாலும் திரும்ப அடித்துக்கொள்ளலாம்.

அளவு: 20 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் என்றால் 60 சதுர மீட்டர். வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் வண்ணம் ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு முறை பூசுவதற்கு, எட்டு முதல் பத்து சதுர மீட்டர் வரை வரும். சொரசொரப்பான பூச்சில் ஏறக்குறைய அதில் பாதிதான். ஆக ஒரு கோட்டுக்கு ஆறு முதல் பதினைந்து லிட்டர். காரம் தாங்கும் பிரைமர் ஒரு கோட், வண்ணம் இரண்டு கோட் என்று கணக்குப் போடுங்கள். மலிவான பளீர்ச் சிவப்பும் மஞ்சளும் வெயிலில் முதலில் வெளுக்கும். காவி, செம்மண் நிறம் போன்ற இரும்பு ஆக்சைடு நிறமிகள் நின்று பேசும். ஒரு நிறத்தைக் கலந்தால் முழுச் சுவருக்கும் தேவையானதை ஒரே தடவையில் கலந்து, வாளிக்கு எண் போட்டு, ஒரு சிறு டப்பா பழுதுபார்க்க எடுத்து வையுங்கள். பாதியில் தீர்ந்துபோன நிறத்தை மறுபடி அதேபோல் கலக்க யாராலும் முடியாது. வெயில் நேராக விழும் நேரத்தில் அடிக்கக் கூடாது. சூடான சுவரில் வண்ணம் பிடிக்கும் முன்பே காய்ந்துவிடும்.

நிறைய பேர் பங்கெடுக்க வேண்டும் என்றால் கோட்டோவியத்தைக் கட்டம் போட்டுச் சுவருக்கு மாற்றி, ஒவ்வொரு பரப்புக்குள்ளும் வாளியின் எண்ணைச் சாக்பீஸால் எழுதிவிட்டால் போதும். இதுவரை தூரிகை பிடிக்காதவர்களும் அடிப்பார்கள். ஒருவருக்கு ஒரு மீட்டருக்குக் குறையாத அகலம் வேண்டும். 20 மீட்டர் சுவரில் ஒரே நேரத்தில் பதினைந்து பேருக்கு மேல் நின்றால் வண்ணம் சுவரைவிட உடம்பில்தான் அதிகம் படும். முறை வைத்து அழையுங்கள். சாரத்தின் மேல் ஏறுவது பயிற்சி பெற்ற பெரியவர்கள் மட்டும். ஏற முடியாதவர்களுக்கும் வழி உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1984-இல் சுவர்க் கிறுக்கல் ஒழிப்புத் திட்டமாகத் தொடங்கி வளர்ந்த மியூரல் ஆர்ட்ஸ் அமைப்பு, ஐந்தடிச் சதுரத் துணிகளில் பகுதி பகுதியாக வரைந்து, பிறகு அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டுகிறது. அதனால் சக்கர நாற்காலியில் இருப்பவரும், சிறையில் இருப்பவரும்கூட ஒரு பொதுச் சுவரில் பங்கு பெற முடிகிறது. தொழில்நுட்பம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது யார் உள்ளே வரலாம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியாது.

நாடகத்தில் தவறினால் சேதம் இன்னும் பெரிது. வண்ணம் உரிந்தால் மறுபடி அடிக்கலாம், மேடையில் அவமானப்பட்டவரை என்ன செய்வது? பிரேசில் நாட்டு அரங்கவியலாளர் அகஸ்டோ போல் (1931-2009) உருவாக்கிய ஃபோரம் தியேட்டர், அதாவது விவாத அரங்கு, இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. பத்து, பதினைந்து நிமிட நாடகம். ஒருவருக்குத் தெளிவாக ஒன்று வேண்டும், அது மறுக்கப்படுகிறது, நாடகம் தோல்வியில் முடிகிறது. ஒருமுறை முழுதாக நடித்துக் காட்டிவிட்டு மறுபடி தொடங்குவார்கள். பார்வையாளர் யாரும் “நிறுத்துங்கள்” என்று சொல்லி எழுந்து வந்து, ஒடுக்கப்படும் அந்த ஒருவரின் இடத்தில் தாமே நின்று வேறு வழியை முயலலாம். நடத்துநரை ஜோக்கர் என்பார்கள். கோமாளி என்ற பொருளில் அல்ல, சீட்டுக்கட்டில் எந்த இனத்திலும் சேராத சீட்டு என்ற பொருளில். அவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. “இது நடக்குமா? நடந்தால் அடுத்து என்ன ஆகும்?” என்று கூட்டத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு முயற்சிகள் வந்தால் நல்ல அமர்வு.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. பார்வையாளர் ஒடுக்குபவரின் இடத்தை எடுத்துக்கொண்டு அவரைத் திடீரென்று நல்லவராக்கிவிடுவார். கைதட்டல் விழும், ஆனால் மறுநாள் உண்மையான முதலாளி மாறியிருக்க மாட்டார். எதிர்நிலையில் நடிப்பவர்கள் இரக்கப்பட்டு உடனே விட்டுக்கொடுத்தாலும் தவறு, வந்தவரைக் கத்தி அடக்கினாலும் தவறு. நிஜத்தில் எவ்வளவு எதிர்ப்பு வருமோ அவ்வளவே வர வேண்டும். அதற்கு அவர்களுக்கு இரண்டு வாரமாவது ஒத்திகை தேவை. எல்லாவற்றையும்விட மோசமானது, ஒருவரின் சொந்தக் கதையை அவர் அமர்ந்திருக்கும் கூட்டத்திலேயே அடையாளம் தெரிய நடித்துவிடுவது. குறைந்தது மூன்று பேரின் அனுபவங்களைக் கலந்து, தொழிலையும் குடும்ப அமைப்பையும் மாற்றி, ஒத்திகையிலேயே அவர்களிடம் காட்டி, வேண்டாம் என்பதை எடுத்துவிட வேண்டும். வன்முறை பற்றிய நாடகம் என்றால், முடிந்ததும் தனியாகப் பேச ஓர் ஆலோசகர் அந்த இடத்தில் இருக்க வேண்டும். தொலைபேசி எண் எழுதிய துண்டுச்சீட்டு போதாது.

நாடகத்தில் எழுந்த யோசனைகள் எங்கே போகின்றன என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அகஸ்டோ போல் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது இந்த அரங்கையே சட்ட முன்மொழிவுகள் திரட்டும் வழியாக்கினார். 13 சட்டங்கள் அதன் வழியே நிறைவேறின. அங்கே மக்கள் நடித்துக் காட்டியதைக் கையில் வாங்கிக்கொள்ள ஒரு நாற்காலி இருந்தது. அப்படிப்பட்ட நாற்காலியை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும், குறிப்பெடுத்ததை எந்த அலுவலகத்தில் யார் யார் கொண்டுபோய்க் கொடுப்பது, பதில் வந்தால் எங்கே கூடுவது என்பதற்காவது தேதி வேண்டும். அது இல்லாமல் ஒரு பகுதியின் கோபத்தைக் கிளறிவிட்டுக் கருவிகளைக் கட்டிக்கொண்டு கிளம்புவது, வராமல் இருந்ததைவிடத் தீங்கு.

கலை உண்மையாகவே வேலை செய்யத் தொடங்கினால் அதிகாரத்துக்குப் பிடிக்காமல் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கென்யாவின் கமிரித்து கிராமத்தில் எழுத்தாளர்கள் கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரீயும் ஊர்மக்களோடு சேர்ந்து 1977-இல் கிக்குயு மொழியில் ஒரு நாடகத்தை உருவாக்கினார்கள். ஒத்திகைகள் திறந்தவெளியில் நடந்தன. ஊரார் குறுக்கிட்டு வசனத்தைத் திருத்தினார்கள். திறந்தவெளி அரங்கைக் கட்டியதும் அவர்களே. அந்த ஆண்டு நவம்பரில் நாடகம் தடை செய்யப்பட்டது. டிசம்பர் முடிவில் கூகி வா தியாங்கோ விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார். 1982-இல் அரங்கம் இடித்துத் தள்ளப்பட்டது. ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரக்கூடும், வந்தால் பெயர் வெளியே தெரிந்தவருக்கு யார் துணை நிற்பார் என்ற பேச்சு முதல் ஆறு வாரத்துக்குள் நடந்தாக வேண்டும். கலைஞர் ஊருக்குத் திரும்பிவிடுவார். அங்கே வாழ்கிறவர் திரும்பிப் போக வேறு ஊர் இல்லை.

கேமராவுக்கும் இதே விதி. 1967-இல் கனடாவின் ஃபோகோ தீவில் தேசியத் திரைப்பட வாரியத்தின் காலின் லோ இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களை எடுத்தார். எடுத்த படத்தை முதலில் தீவு மக்களுக்கே போட்டுக் காட்டினார்கள். அதில் தோன்றியவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது வெளியே போனது. பிறகு அரசு தரப்பின் பதிலும் படமாக்கப்பட்டு தீவுக்கே திரும்பி வந்தது. இன்று கைபேசியில் எடுத்த மறுநிமிடம் படம் உலகம் முழுக்கப் போய்விடுவதால் ஒப்புதலை ஒரே கையெழுத்தில் முடிக்கக் கூடாது. படம் எடுக்க, குழுவுக்குள் காட்ட, கண்காட்சியில் வைக்க, இணையத்தில் போட என்று நான்கு கேள்விகளாகப் பிரித்து, நான்கு வேறு நாட்களில் கேளுங்கள். இடையில் மனம் மாறினால் எடுத்துவிட யாரிடம் சொல்வது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். மக்களிடம் கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொல்லும் திட்டங்களில் எடுப்பவரின் ஒப்புதலை வாங்குகிறார்கள், படத்தில் இருப்பவரின் ஒப்புதலை மறந்துவிடுகிறார்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஓவியருக்குச் சம்பளம், ஒலிபெருக்கிக்கு வாடகை, தன் வாழ்க்கையையே கதையாகத் தந்தவருக்கு மட்டும் சான்றிதழ் என்பது நியாயமில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஓவியர் ஜூடி பாகா தலைமையில் 1976-இல் வரையத் தொடங்கிய பெருஞ்சுவர் 2,754 அடி நீளம். பல கோடைகளில் நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதில் வேலை செய்தார்கள். அவர்களுக்கு ஊதியம் தரப்பட்டது. அந்த ஓவியம் 2011-இல் புதுப்பிக்கப்பட்டது என்பதும் கவனிக்க வேண்டியது. அரை மைல் சுவரை வரைந்துவிட்டு யாரும் கைகழுவவில்லை. ஊதியம் தர முடியாத திட்டம் என்றால் போக்குவரத்துச் செலவையாவது அன்றன்றே கையில் கொடுக்க வேண்டும், இல்லையென்பதை முதல் கூட்டத்திலேயே சொல்ல வேண்டும். ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தை ‘நிர்வாகச் செலவு’ என்ற தலைப்பில் போட்டுப் பிறகு அதைக் குறைக்கச் சொல்வதையும் நிறுத்துங்கள். அதுதான் கலைப்பணி. அவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் மனம் விட்டுப் பேச மூத்தவர் ஒருவர் தேவை. பிறர் துயரத்தை நாள் முழுக்கக் கேட்கிறவர்கள் அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் இரண்டு ஆண்டுக்கு மேல் நிலைப்பது கடினம்.

பலனை அளக்கும் விதமும் மாற வேண்டும். சமூகக் கலை ஆய்வாளர் பிரான்சுவா மத்தராசோ 1997-இல் வெளியிட்ட ஆய்வு, கலையில் பங்கேற்பதால் ஏற்படும் ஐம்பது சமூகப் பயன்களைப் பட்டியலிட்டது, பலருக்கும் பிடித்துப்போனது. அதன் ஆய்வு முறையைப் பவோலா மெர்லி 2002-இல் கடுமையாக விமர்சித்தார். இரண்டையும் படித்த பிறகு எங்களுக்குத் தோன்றுவது இது: நிறைவு நாளில், மகிழ்ச்சியாக இருப்பவர்களிடம், “உங்கள் தன்னம்பிக்கை கூடியதா?” என்று கேட்டு வாங்கும் பதிலுக்கு மதிப்பில்லை. தொடங்கும் முன்பே சிலவற்றை எண்ணி வையுங்கள். அந்த இடத்தில் மாலையில் எத்தனை பேர் அமர்கிறார்கள், குழுவில் சேர்ந்தவர்களில் இரண்டாம் மாதமும் வந்தவர்கள் எத்தனை பேர், நடுவில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள். ஆறு மாதம் கழித்துப் போய் அதையே மறுபடி எண்ணுங்கள். நின்றுபோனவர்களைத் தேடிப் போய்க் கேட்பது சங்கடமான வேலை, ஆனால் மற்ற எல்லோரையும்விட அவர்களிடம்தான் தகவல் அதிகம்.

கடைசியாக ஒப்பந்தம். சுவரின் உரிமையாளர், உள்ளூர்க் குழு, கலைஞர் மூவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் போதும். ஓவியம் எத்தனை ஆண்டு இருக்கும் என்பதை அதில் எழுதுங்கள். ஐந்து என்றால் ஐந்து, நிரந்தரம் என்று எழுதாதீர்கள். அழிக்க நேர்ந்தால் எத்தனை நாள் முன்பு யாரிடம் சொல்ல வேண்டும், மழைக்காலம் முடிந்ததும் பார்வையிடுவது யார், படத்தை அச்சிட்டு விற்றால் பணம் யாருக்கு, கலந்து வைத்த பழுது வண்ண டப்பாக்கள் யார் வீட்டில் இருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி உள்ளூர்க் குழுவின் பெயரிலேயே போட்டு வையுங்கள். அடுத்த முறை உங்கள் செய்தியாளர் ஒரு திறப்பு விழாவுக்கு வரும்போது அந்த ஒரு பக்கத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சமூகக் கலைப் பணியாளர்கள்